குளோர்பைரிபாஸ் தடை எங்க ஊர் மருந்து கடைக்கு எப்ப வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

குளோர்பைரிபாஸ்ங்கற பூச்சி மருந்தை உலகம் பூரா தடை பண்ணிட்டாங்கன்னு ஒரு செய்தி வாட்ஸ்அப்ல சுத்திட்டே இருக்கு. 2025 மே மாசம் ஜெனீவாவுல, விஷக் கெமிக்கலை கட்டுப்படுத்தற ஸ்டாக்ஹோம் ஒப்பந்த நாடுங்க எல்லாம் கூடி எடுத்த முடிவு அது, பொய் இல்ல. ஆனா அதை நம்பி பண்ருட்டி பக்கத்துல ஒரு மருந்து கடையில போய் விசாரிச்சா, "எங்களுக்கு ஒண்ணும் சர்க்குலர் வரலையேண்ணே, உங்களுக்கு அரை லிட்டரா ஒரு லிட்டரா"ன்னு கேக்கறாரு. கடைக்காரர் மேல தப்பு சொல்ல முடியாது, அவருக்கு யாரும் சொல்லல. யார் சொல்லணும், எப்ப சொல்லணும்னு கேக்கத்தான் இந்த லெட்டர்.

எங்க பக்கம் இந்த மருந்து இல்லாத வீடு கம்மி. முந்திரி கொல்லையில தண்டு துளைப்பான் வந்தா மரத்தடியில பிசினும் மரத்தூளும் கொட்டி கிடக்கும், பட்டையை உளியால செதுக்கி புழுவை எடுத்துட்டு குளோர்பைரிபாஸை தண்ணியில கலந்து துணியால தடவி விடுவாங்க, பெரும்பாலும் வெறும் கையாலதான், கிளவுஸ் போட்டு தடவற ஆளை நான் பாத்ததில்ல. மல்லாட்டையில (நிலக்கடலை) வேர்ப்புழுவுக்கும் கரையானுக்கும் இதேதான். புது வீடு கட்டினா அஸ்திவாரத்துல ஊத்தறதும் இதேதான். பாட்டில்ல மஞ்சள் முக்கோணம் போட்டிருக்கும், அதுக்கு கடும் விஷம்னு அர்த்தம், ஆனா லேபிள்ல இருக்கற எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கு, அறுபது வயசு ஆளு எப்படி படிப்பாரு?

இது ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து, பூச்சியோட நரம்பை எப்படி முடக்குதோ அதே வழியிலதான் நம்ம நரம்பையும் தாக்குது. வயித்துல இருக்கற பிள்ளையோட மூளை வளர்ச்சியை கெடுக்கும்னு கவலை வந்துதான் ஐரோப்பாவுல 2020லயே லைசன்ஸை புதுப்பிக்காம விட்டாங்க. ஆர்க்டிக் பனிப்பிரதேசம் வரைக்கும் போய் சேர்ந்திருக்கு, அங்க யாரு மல்லாட்டை போட்டாங்க? இப்படி அடிச்ச இடத்துல நிக்காம நாடு விட்டு நாடு போற விஷத்துக்குன்னு போட்டதுதான் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம்.

சரி, தடைன்னா நாளையிலேர்ந்து கிடையாதுன்னு அர்த்தமா? அதான் இல்ல. ஒப்பந்தத்தோட தடைப் பட்டியல்ல சேர்த்த கையோட சில பயிருக்கும், கட்டடத்துல கரையானுக்கும், இன்னும் சிலதுக்கும் விதிவிலக்கு குடுத்திருக்காங்க, அந்த சலுகை வழக்கமா அஞ்சு வருஷம் ஓடும். அந்த அஞ்சு வருஷமே இந்தியாவுக்கு எப்ப ஆரம்பிக்கும்னு கேட்டா அதுல இன்னொரு முடிச்சு இருக்கு. ஒப்பந்தத்துல புதுசா ஒரு கெமிக்கலை சேர்த்தா அதை தனியா நாங்க ஏத்துக்கிட்டாதான் எங்களை கட்டுப்படுத்தும்னு இந்தியா 2006ல சேரும்போதே சொல்லி வச்சிருக்கு. 2009ல பட்டியல்ல ஏறின குளோர்டெகோன் மாதிரி கெமிக்கலுக்கு நம்ம மத்திய அமைச்சரவை சரின்னு சொன்னது 2020 அக்டோபர்ல. பதினோரு வருஷம்! அதே வேகத்துல போனா குளோர்பைரிபாஸுக்கு 2036 ஆகும், அதுக்கப்புறம்தான் சலுகை காலமே எண்ண ஆரம்பிப்பாங்களா?

இவ்வளவுக்கும் இந்த மருந்து நம்ம அரசாங்கத்துக்கு புதுசு இல்ல, 2020 மே மாசம் 27 மருந்தை தடை பண்ணப் போறோம்னு மத்திய வேளாண் அமைச்சகம் ஒரு வரைவு ஆணை போட்டுச்சு, அதுல குளோர்பைரிபாஸும் இருந்துச்சு. 2023ல இறுதி ஆணை வந்தப்ப அந்த 27ல டைகோபால், டினோகாப், மெத்தோமில், மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீத கரைசல்னு விரல் விட்டு எண்ற அளவுலதான் மிச்சம் இருந்துச்சு, முழுசா தடை பண்ணினதுல குளோர்பைரிபாஸ் இல்ல.

மாநில அரசு பண்ணலாமேன்னு கேப்பீங்க. பண்ணினாங்க, சில வருஷத்துக்கு முன்னாடி தற்கொலையை குறைக்கணும்னு ஆறு பூச்சி மருந்தை தமிழ்நாடு அரசு தடை பண்ணுச்சு, அதுல இதுவும் உண்டு, ஆனா வெறும் 60 நாளைக்கு. 1968 பூச்சிக்கொல்லி சட்டம் 27வது பிரிவுல மாநிலத்துக்கு இருக்கற அதிகாரமே அவ்வளவுதான், நீட்டிச்சா இன்னும் 30 நாள். ஒரு மல்லாட்டை பட்டம் கூட முழுசா தாண்டாது.

எண்டோசல்பான் கதை எங்க பக்கத்து முந்திரி விவசாயிக்கு எல்லாம் தெரியும், ஏன்னா அதுவும் முந்திரியில தேயிலைக் கொசுங்கற பூச்சிக்கு அடிச்ச மருந்துதான். காசர்கோட்டுல கேரள அரசோட தோட்டக் கழகம் 70கள் கடைசியிலேர்ந்து 2000 வரைக்கும் ஹெலிகாப்டர்ல தெளிச்சாங்க, கீழ கிணறு, வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்துச்சு. 2011 ஏப்ரல்ல ஜெனீவாவுல அதை பட்டியல்ல சேர்க்கப் பேசினப்ப நம்ம நாட்டு குழு முதல்ல எதிர்த்துச்சு, இங்க கேரள முதல்வர் அச்சுதானந்தன் உண்ணாவிரதம் இருந்தாரு, கடைசியில விதிவிலக்கோட இந்தியா ஒத்துக்கிச்சு. நிஜமா நாட்டுல அதை நிறுத்தினது அடுத்த மாசம் 13ம் தேதி சுப்ரீம் கோர்ட் போட்ட இடைக்கால உத்தரவுதான். பாதிக்கப்பட்டவங்களுக்கு அஞ்சு லட்சம் இழப்பீடு மூணு மாசத்துல குடுங்கன்னு 2017ல சொன்ன அதே கோர்ட், 2022ல மறுபடி வழக்கு போட்ட எட்டு பேருக்கு மட்டும்தான் காசு போயிருக்குன்னு பாத்து கேரள அரசை திட்டுச்சு. இதுல நான் முக்கியமா சொல்ல வந்தது மிச்சமான சரக்கு பத்தி. தடை வந்ததும் பெரியா, ராஜபுரம், சீமேனி எஸ்டேட் குடோன்ல பழைய பேரல்லயே எண்டோசல்பான் கிடந்துச்சு, கசிய ஆரம்பிச்சப்புறம் 2012ல புது பேரலுக்கு மாத்தினாங்க. இதை எல்லாம் அழிக்கறது யாரு பொறுப்புன்னு தடை போடும்போதே எழுதி வச்சிருக்கணுமா இல்லையா? நம்ம ஊர்ல அது பெரிய குடோன்ல இருக்காது, ஒவ்வொரு வீட்டு மோட்டார் ரூம்லயும் கால் பாட்டில் அரை பாட்டிலா இருக்கும், குழந்தைங்க கைக்கு எட்டற உயரத்துல.

மருந்தை நிறுத்தினா விளைச்சல் போயிடும்னு கம்பெனிக்காரங்க சொல்ற பேச்சு எல்லாருக்கும் பழக்கம். இலங்கையில 1995ல மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ், 1998ல எண்டோசல்பான்னு வரிசையா எடுத்தாங்க, தற்கொலை சாவு பெருசா குறைஞ்சுது, அதனால நெல் விளைச்சல் ஒண்ணும் விழுந்துடல. (2021ல அங்க ஒரே ராத்திரியில உரம் மருந்து எல்லாத்தையும் நிறுத்தி சிக்கல் ஆனது வேற கதை, ரெண்டையும் போட்டு குழப்பாதீங்க.)

அதனால வேளாண் துறைக்கு இந்த பத்திரிகை மூலமா நான் கேக்கறது இதுதான். மத்திய அரசு இந்த சேர்ப்பை ஏத்துக்க எத்தனை வருஷம் எடுக்கும்னு வெளிப்படையா சொல்லட்டும், விதிவிலக்கு கேட்டா எந்த பயிருக்கு, எந்த பூச்சிக்கு, ஏன் வேற வழி இல்லன்னு தமிழ்ல போடட்டும். முந்திரிக்கு வேப்பெண்ணெய் தடவலாம், காஞ்ச மரத்தை உடனே வெட்டி அப்புறப்படுத்தணும்னு வேளாண் பல்கலைக்கழகமே சொல்லுது, வேர்ப்புழுவுக்கு மெட்டாரைசியம் பூஞ்சாணம் இருக்கு, ஆனா அது வேணும்ங்கற நேரத்துக்கு எங்க ஊர் டெப்போல இருக்கறதில்ல, குளோர்பைரிபாஸ் மட்டும் எந்த நாளும் இருக்கு. அந்த பூஞ்சாணத்தை ஆடி பட்டத்துக்கு முன்னாடியே டெப்போவுல இறக்குங்க. மிச்ச மருந்தையும் காலி பாட்டிலையும் கடையிலயே திரும்ப வாங்கணும்னு கம்பெனிக்கு உத்தரவு போடுங்க, அந்த செலவு அவங்களோடது.

இப்படிக்கு,
ஒரு முந்திரி விவசாயி,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.