செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே,

நம் லான் பௌல்ஸ் (புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டம்) கழகத்தின் புல்தரை ஏப்ரலில் திறக்கப்பட்டது, செப்டம்பரில் மூடப்பட்டது. தண்ணீர்க் குழாய் ஒருமுறை உடைந்தது. தேநீர் விருந்து நடந்தது.

இனி கூடத்துச் சுவரில் நான் மாட்டிய, ஸ்காட்லாந்து லான் பௌல்ஸ் வீரர் அலெக்ஸ் மார்ஷலின் படத்தொகுப்பு. 'நம் கழகத்தில் ஆடாதவருக்கு நம் சுவர் எதற்கு?' என்று செயற்குழுவில் கேட்டார்கள். எடின்பரோக்காரருக்கு ஸ்காட்லாந்தில் எந்தச் சுவரும் அந்நியமில்லை என்பது என் கருத்து. 2002இல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் ஜார்ஜ் ஸ்னெடனுடன் இரட்டையர் தங்கம். 2006இல் மெல்போர்னில் பால் ஃபாஸ்டருடன். 2014இல் கிளாஸ்கோவின் கெல்வின்குரோவில் மீண்டும் ஃபாஸ்டருடன் இரட்டையர், பிறகு நீல் ஸ்பியர்ஸ், டேவிட் பீகாக் இருவரும் சேர நால்வர் ஆட்டத்திலும் தங்கம். 2018இல் கோல்ட் கோஸ்டில் ஃபாஸ்டர், டெரெக் ஆலிவர், ரோனி டங்கனுடன் நால்வர் ஆட்டத்தில் ஐந்தாவது தங்கம்.

உள்ளரங்க ஒற்றையர் உலகப் பட்டத்தை 1999 தொடங்கி 2015 வரை ஆறு முறை வென்றவர் இவர். ஆனால் அந்த ஐந்து தங்கத்தில் ஒன்றுகூட ஒற்றையர் ஆட்டத்தில் வந்ததல்ல. அவரோடு கூட ஆடியவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்கள். நம் அணியோ இந்தப் பருவத்தில் மூன்று நால்வர் ஆட்டங்களுக்கு மூவராகவே போனது. வராதவரின் பந்துகளையும் பங்கிட்டு முதல் இருவரும் ஆளுக்கு மூன்று பந்து உருட்டினோம். ஆள் குறைந்ததற்காக, எடுத்த புள்ளியில் கால்பங்கு கழிக்கப்பட்டது. வராதவர்கள் மறுநாள் மதுக்கூடத்தில் தோல்விக்குக் காரணம் விளக்கினார்கள்.

படத்தொகுப்பைத் திறந்துவைத்த மாலையில் பதினொருவர் வந்தார்கள். நால்வர் கேக்குக்காக வந்தவர்கள் என்பதைப் பெருந்தன்மையோடு விட்டுவிடுகிறேன். சட்டம், கண்ணாடி, ஆணி எல்லாம் என் கைக்காசு. கழகக் கணக்கில் தேட வேண்டாம்.

அந்தக் கணக்கைப் பொறுத்தவரை, வரவு செலவைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை வாசிக்கப் போவதில்லை. செயற்குழுவிலேயே இருவர் இருப்பதால் சங்கடம்.

புல்தரைப் பராமரிப்பாளர், தேநீர் தந்தவர்கள், தணிக்கையாளர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த பருவத்துக்கு நால்வர் அணி இரண்டு அனுப்புவதாக லீக்குக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்றைய நிலவரப்படி ஐந்து பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், என்னையும் சேர்த்து. செயலாளர் பதவிக்கு வேறு பெயர் எதுவும் முன்மொழியப்படவில்லை. என் முழங்கால் வலியை எல்லோரும் அறிவீர்கள். கொட்டகைச் சாவியைப் பொறுப்பேற்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கலாம். சந்தா கொடுப்பவர்களும் அப்போதே பார்க்கலாம். ரசீதுப் புத்தகம் கையோடு இருக்கிறது.

செயலாளர்