வல்லத்துப் பிள்ளையின் எண்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் 22 வந்தால் சிறுவர் பக்கத்தில் ராமானுஜனையும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 1729 என்ற எண்ணையும் தவறாமல் போடுகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் 1901 ஏப்ரல் 5 அன்று பிறந்த கணித மேதை எஸ்.எஸ். பிள்ளையை எங்கள் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? என்னிடம் மாலையில் கணக்குப் படிக்க வரும் இலஞ்சி, செங்கோட்டைப் பிள்ளைகளில் ஒருவர்கூட அவர் பெயரைக் கேட்டதில்லை. அவரும் செங்கோட்டையில் படித்தவர்தான்.

அவர் எழுப்பிய ஒரு கேள்வி எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். 1 முதல் ஏதோ ஓர் எண் வரை பெருக்கி, 1 கூட்டுங்கள். 5 வரை பெருக்கினால் 120, கூட்டினால் 121, அதாவது 11×11. 11இல் 1 போனால் 10, அது 5ஆல் வகுபடும். 6 வரை என்றால் 721, அதாவது 7×103. 6, 102 இரண்டுமே 6ஆல் வகுபடும். 7க்கு 5041, அது 71×71. 70ஐ 7 வகுக்கும். கிடைக்கும் பகா எண் எதுவானாலும் இப்படியே அமையுமா என்பதுதான் கேள்வி.

அமையாது. 8க்கு வரும் 40,321ஐ 61 வகுக்கிறது. ஆனால் 60 எட்டால் வகுபடாது. இப்படி மீறும் பகா எண்களுக்கு இன்று 'பிள்ளை பகா எண்கள்' என்றே பெயர். அவற்றில் மிகச் சிறியது 23. அதைப் பிடிக்க 14 வரை பெருக்கி 1 கூட்ட வேண்டும்: 8717 கோடியே 82 லட்சத்து 91 ஆயிரத்து 201. கரும்பலகையில் இதை 23ஆல் வகுக்கச் சொன்னேன். மீதியில்லாமல் 379,03,60,487 வந்ததும் பிள்ளைகள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அந்த ஈவும் ஒரு பகா எண். 22ஐ 14 வகுக்காதே என்று ஒரு சிறுமி உடனே சொன்னாள். 18 வரை பெருக்கி 1 கூட்டினாலும் 23 வகுக்கும். 15×16×17×18 = 73,440; அதை 23ஆல் வகுத்தால் மீதி 1. அதனால்தான் 14க்கு உள்ள குணம் 18க்கும் வந்துவிடுகிறது. இந்த இடத்தை நான் எத்தனை முறை நடத்தினாலும் எனக்கு அலுப்பதில்லை.

அப்புறம், அவருடைய பெரிய சாதனை 73 என்ற எண்ணில் இருக்கிறது. எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்கு எண்களின் (2×2×2×2×2×2 = 64 போன்றவை) கூட்டலாக எழுதலாம் என்று 1940இல் நிறுவினார். அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். வயது 49.

வரும் ஏப்ரல் 5 அன்று நெல்லைப் பதிப்பின் சிறுவர் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பதினோரு இலக்க எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டு, 23ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விடையை மறுநாள் வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
இலஞ்சி, தென்காசி மாவட்டம்.