மஸ்கட் ரூவி கோயிலில் உட்கார்ந்திருக்கும் என் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சளி, இரண்டு நாளாகக் கஷாயம் குடிக்கிறார். தூத்துக்குடியில் மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி சனிக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான். அவன் கையில் நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். போனில் நீ "ம், சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே.

மாப்பிள்ளை சொன்னார், வேலை முடிந்ததும் தினமும் ரூவி கோயிலுக்குப் போகிறாயாம். பூசை இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாயாம். கேட்டதும் பெருமையாகத்தான் இருந்தது. சின்ன வயதில் உன்னை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எழுப்ப நான் பட்ட பாடு அந்த மாதாவுக்கே தெரியும். அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை. அங்கே உட்கார்ந்து நீ என்னதான் சொல்கிறாய் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். அழுவதற்குப் போகிறாய் என்றால் சரி, தினமும் போ. வேறு எதற்காவது போகிறாயோ என்றுதான் எனக்குப் பயம்.

கல்லறைத் திருநாள் வருகிறது. உன் பிள்ளையின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது. ஆச்சிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டுக்கும் ஒரே கூலி என்கிறான். நவம்பர் 2 அன்று நானும் அப்பாவும் மெழுகுதிரியும் பூவும் கொண்டு போவோம். மல்லிகை வாங்க மாட்டேன். உனக்குப் பால் கட்டியபோது மல்லிகையை வைத்துக் கட்டியதிலிருந்து அந்த வாசனை எனக்கு ஆகவில்லை. சம்பங்கி வாங்கிக்கொள்கிறேன்.

உன் அண்ணனுக்கு முன்னால் ஒருவன் பிறந்தான் என்று உனக்குத் தெரியும். அவனை எங்கே வைத்தோம் என்று நான் சொன்னதில்லை. 1984 சித்திரை மாதம், அப்பா ஊரில், எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். அரை மணி நேரம் மூச்சு இருந்தது. ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எல்லோரும் ஞானோபதேசத்தில் படித்ததுதான். செம்பு நிறைய வெந்நீர் பக்கத்திலேயே இருந்தது. ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு உள்ளே இடமில்லை என்று சொல்லி, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே ஓர் உடைமரத்தடியில் வைத்தார்கள். மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, லிம்போ என்று ஓர் இடத்தில் இருப்பான் என்றார்கள். இத்தனை வருடமும் கல்லறைத் திருநாளில் எல்லோரும் உள்ளே மெழுகுதிரி ஏற்றும்போது நான் மட்டும் "தலை வலிக்கிறது" என்று வெளியே வந்துவிடுவேன். அதற்காக நீ கூட என்னைக் கேலி செய்திருக்கிறாய்.

அதற்கு முந்தைய வருடமே, 1983-ல், திருச்சபைச் சட்டம் மாறிவிட்டதாம். ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் நினைத்திருந்து அதற்குள் பிள்ளை இறந்துபோனால், ஆயர் அனுமதியோடு முறையாக அடக்கம் செய்யலாமாம். எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இதை ஒரு சின்னச் சாமியார் எனக்குச் சொன்னது 2007-ல். அந்த வருடம்தான் ரோமாபுரியில் வேதசாஸ்திரிகள் கூடி, பாப்பரசர் பெனடிக்ட் சம்மதத்தோடு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அப்படி இறந்த பிள்ளைகள் இரட்சணியம் அடைவார்கள் என்று நம்ப இடமிருக்கிறது என்று அதில் இருந்ததாம். நம்ப இடமிருக்கிறது, அவ்வளவுதான். நிச்சயம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாதி சந்தோஷம், பாதி கோபம். 23 வருடம் அவனை நான் ஓர் இருட்டு அறையில் வைத்திருந்தேன், மகளே.

அதனால்தான் உன் பிள்ளை போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அப்படி ஓடினேன். பனிமய மாதா கோயிலில் கொடியேறி மூன்றாம் நாள், பாட்டுச் சத்தம் வார்டு வரைக்கும் கேட்டது. டாக்டர் கையை விரித்ததும் நீ என் சேலையைப் பிடித்தாய். நான் உதறிவிட்டு அந்த மலையாளத்து நர்ஸைத் தேடிப் போனேன். அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளைக்கு வழி பண்ணிவிட்டேன் என்று நிம்மதியாகத் திரும்பி வந்தால், நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "வேளாங்கண்ணி நேர்ச்சையைச் செய்யாமல் விட்டாயே" என்றேன். எந்த நேர்ச்சை? நீ முழந்தாளிட்டு வருவாய் என்று உன்னைக் கேட்காமலே நான் போட்ட நேர்ச்சை. பிரயாணம் கூடாது என்று டாக்டர் சொன்னதும் எனக்குத் தெரியும். 1984-ல் இதே மாதிரி ஒன்றை உன் ஆச்சி என்னிடம் சொன்னார்கள். அந்த வார்த்தைக்காகப் பத்து வருடம் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசாதவள் நான். அதையே எடுத்து உன் தலையில் போட்டேன்.

போன மாதம் வேளாங்கண்ணிக்குப் போனேன், அப்பாவிடம் சொல்லாமல். மாதா குளத்திலிருந்து மணலில் முழந்தாளிட்டுப் பாதி தூரம்தான் போக முடிந்தது. முட்டி விட்டுவிட்டது. ஓரமாக உட்கார்ந்து ஜெபமாலையில் துக்க தேவ இரகசியம் சொன்னேன். நேர்ச்சை என்னுடையது, மகளுடையது இல்லை, கணக்கு இருந்தால் என்னிடம் தீர்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாதா கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை என்று உனக்குச் சொல்ல வேண்டியவள் நான்தான். மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாளிடம் போய் நீ மன்னிப்புக் கேட்காதே. கேட்க வேண்டியவள் நான், உன்னிடம்.

பிள்ளை செத்ததும் தாவீது ராசா எழுந்து குளித்துச் சாப்பிட்டான் என்று யாராவது உன்னிடம் சொல்வார்கள். நீ எழுந்திருக்க எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். சாப்பிட மட்டும் செய். கருவாட்டைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு எடுத்து வை.

கல்லறைச் சிலுவையில் எழுத, செவ்வாய்க்கிழமை பெயிண்டர் வருகிறான். நர்ஸ் அவசரத்தில் வைத்த பெயர்தான் பதிவில் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் முதலிலேயே ஒரு பெயர் வைத்திருந்ததாக மாப்பிள்ளை சொன்னார். அது என்ன என்று நான் அவரிடம் கேட்கவில்லை. நீ சொல்லு.

அம்மா