மூடவில்லை, மூன்று நாள் நடக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது வருடமாக உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவள் நான். சென்ற இதழில் தொண்டு அமைப்புகளின் பண நெருக்கடி பற்றி ஒரு கட்டுரை வந்தது. வடசென்னையில் குழந்தைகளுக்குச் சத்துமாவுக் கஞ்சி கொடுத்த ஒரு திட்டம், நிதி நின்றதும் மூடப்பட்டுவிட்டதாம். இப்படி மூடிப்போகிறவை ஆரம்பத்திலிருந்தே மக்களிடம் வேர்விடாதவை என்றும் அதில் இருந்தது. பெயர் போடவில்லை, சரி. ஆனால் தெரு முனையையும் தகரக் கூரையையும் எழுதிய பிறகு, அது நாங்கள்தான் என்று வியாசர்பாடியில் தெரியாதவர்கள் இல்லை.

நாங்கள் மூடவில்லை, ஐயா. ஆறு நாள் நடந்தது இப்போது மூன்று நாள் நடக்கிறது. உங்கள் கட்டுரையாளர் வந்தது ஒரு புதன்கிழமை என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். புதன்கிழமை எங்களுக்குக் கஞ்சி இல்லாத நாள். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். பக்கத்து மாவு மில்லில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் வீட்டைக் காட்டியிருப்பார்கள்.

நான் மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தத் திட்டத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். அதனால் கணக்கையே சொல்கிறேன். 62 பிள்ளைகள், 18 கர்ப்பிணிப் பெண்கள். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, வெல்லம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு வேளைக்கு 15 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 30,000. சமைக்கும் இரண்டு பெண்களுக்கு 12,000. வாடகையும் கேஸும் 4,000. ஆக 46,000 ரூபாய். மூன்று வருடம் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இது வந்தது. மூன்றாவது வருடத்தின் கடைசி ஆறு மாதத்தில்தான், இனி நீங்களே எப்படி நடத்தப்போகிறீர்கள் என்று திட்டம் எழுதித் தரச் சொன்னார்கள்.

எழுதினோம். முதல் யோசனை, சத்துமாவைப் பாக்கெட் போட்டு விற்பது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தோம், லேபிள் அடித்தோம். கிலோவுக்கு 130 ரூபாய் அடக்கம், 180-க்கு விற்றோம். மாதம் 46,000 வரவேண்டுமென்றால் 920 கிலோ விற்க வேண்டும். எங்களால் அதிகபட்சம் விற்க முடிந்தது 40 கிலோ. அந்த 2,000 ரூபாய் இரண்டு நாள் கஞ்சிக்குக்கூடப் போதவில்லை. இரண்டாவது யோசனை, தாய்மாரிடம் பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு ரூபாய் வாங்குவது. சொந்தமாகக் காசு கொடுத்தால் பொறுப்பு வரும் என்று கூட்டத்தில் அழகாகச் சொன்னார்கள். அந்த மாதம் 11 பிள்ளைகள் வரவில்லை. மேல்கையைச் சுற்றி அளக்கும் நாடா ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததல்ல. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மஞ்சள், அதாவது சத்துக்குறைவு; 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு, கடுமையான சத்துக்குறைவு. வராமல் நின்ற 11 பேரில் 7 பேர் மஞ்சளில் இருந்தவர்கள். மறு மாதமே இரண்டு ரூபாயை நிறுத்திவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவந்தோம்.

கஞ்சி தேவைப்படுகிற வீட்டில் கஞ்சிக்குக் காசு இருக்காது. இதை எழுதிக் கொடுத்தேன். திட்டத்தில் தன்னிறைவு போதாது என்று அடிக்கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

மூன்று வருடத்தில் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கலாமே என்று உங்கள் கட்டுரை கேட்கிறது. எதிலிருந்து சேர்ப்பது? செலவாகாத பணம் திரும்பிப் போக வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்யச் சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்தை ஒரு அமைப்பின் மூலநிதியாக வைப்பது 2021 ஜனவரியிலிருந்து கணக்கில் வராது. வட்டியில் நடத்தலாம் என்ற வழியும் அதோடு அடைபட்டது. சமையல் பெண்களின் 12,000 ரூபாய் நிர்வாகச் செலவு, 5 சதவீதத்துக்கு மேல் சட்டம் இடம் தராது என்றார் அந்த நிறுவனத்தின் ஒரு இளம் அதிகாரி. அந்த 5 சதவீதம் கம்பெனி தன் அலுவலகத்துக்குச் செய்துகொள்ளும் செலவுக்குப் போட்ட வரம்பு, திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவுக்கு அல்ல. விதியைப் பிரதி எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்கள் விடியற்காலை நாலரை மணிக்கு அடுப்பு பற்றவைப்பவர்கள். அவர்களை நிர்வாகம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

வேர்விடாதது என்று எழுதியதற்கு வருகிறேன். இதே சென்னையில் 1920-இல் மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு ஆரம்பித்தது. தியாகராயர் தலைமையில் இருந்த மன்றம், பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணா ஒதுக்கியது. 1925-இல் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்ய அன்றைய ஆங்கில அரசு அனுமதிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தது. காமராஜர் 1956-இல் ஊர் மக்களிடம் அரிசியும் பருப்பும் கேட்டுத் தொடங்கினார், அப்புறம் அரசின் பங்கு வந்தது, வெளிநாட்டு உதவியாகப் பால் பவுடர் வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தார். உலக வங்கிக் கடனில் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், பிறகு அங்கன்வாடிப் பணியோடு சேர்ந்துகொண்டது. இதில் எது மாவு விற்றுத் தன்காலில் நின்றது? அரசு பட்ஜெட்டில் ஒரு இடம் கிடைத்ததால் நின்றது. இப்போது காலை உணவும் அப்படித்தான் பள்ளிகளில் நடக்கிறது. அத்தனை பெரிய அரசுக்கே வரிப்பணம் வேண்டியிருக்கும்போது, தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பெண்கள் தன்னிறைவு அடையவில்லை என்று குறை சொல்லலாமா?

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அங்கே வேலை செய்யும் பெண்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மார்க்கெட்டுக்கும் கட்டட வேலைக்கும் போகிற தாய்மார் அது திறக்கும் முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஆறரை மணிக்கு எங்களிடம் தம்ளரோடு நிற்கிறார்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. நான்கு வருடம் முன்பு உங்கள் இதழில் எங்கள் பிள்ளை ஒருத்தியின் படம் வந்தது. கஞ்சி மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, பசியால் வாடும் குழந்தை என்று போட்டிருந்தீர்கள். "டீச்சர், எம்பொண்ணு வாடிப்போயா இருக்கா?" என்று அவள் அம்மா பத்திரிகையை என்னிடம் நீட்டினாள். அப்போதும் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இடப்பற்றாக்குறை இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இந்த முறை விட முடியவில்லை. இப்போதைய மூன்று நாளை நடத்துவது 52 பேர் மாதம் தரும் 300 ரூபாய். ஓய்வூதியக்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர், எங்களிடம் கஞ்சி குடித்து இன்று வேலைக்குப் போகும் இரண்டு பேர். பிறந்தநாள், நினைவுநாள் என்று 1,200 ரூபாய் கொடுத்து ஒரு நாளை ஏற்றுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். மில்காரர் மாவுக்கு அரவைக்கூலி வாங்குவதில்லை. கர்ப்பிணிகளின் வருகைச் சீட்டோடு மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம், அரசு ஏற்கும்வரை இந்த 52 பேரை நூறாக்கி ஆறு நாளுக்குத் திரும்புவது எங்கள் கணக்கு. உங்கள் கட்டுரை வந்த வாரத்தில் நான்கு பேர் பணத்தை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் போன் செய்து, "மூடிட்டீங்களாமே, அப்புறம் எதுக்கும்மா எங்கிட்ட வாங்குறீங்க?" என்று கேட்டார். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவளிடம் அப்படிக் கேட்டார். கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்க் காட்டிவிட்டு வந்தேன்.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். பெரிய கட்டுரையும் வேண்டாம். அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி போடுங்கள்: அந்தத் திட்டம் மூடப்படவில்லை, செவ்வாய், வியாழன், சனி காலை ஆறரை மணிக்கு நடக்கிறது. என் பெயரைக்கூடப் போட வேண்டாம். கிழமைகள் மட்டும் தவறாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை - 39