அதே ஆளை அனுப்புங்கள்: முதியோருக்கு உதவும் தன்னார்வக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தனியாக வாழும் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் தன்னார்வக் குழுக்களை நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தவர் நிலைப்பதில்லை, நிதி கொடுப்பவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். உங்கள் சிரமங்களை நான் விளக்கத் தேவையில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஒரு வீட்டுக்கு அதே ஆளைத் தொடர்ந்து அனுப்புங்கள். அவர் விலகப் போகிறார் என்றால், அந்த முதியவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா கணவரை இழந்து தனியாக இருக்கிறார். உங்களைப் போன்ற ஒரு குழுவிலிருந்து அவரைப் பார்க்க ஆள் வருவது வழக்கம். சமீபத்தில் புதிதாக ஒரு பையன் வந்தான். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினான். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தான். கணவர் இருக்கிறாரா? எப்போது தவறினார்? என்ன நோய்? பிள்ளைகள் எங்கே? ஏன் கூட இல்லை? அவனுக்கு முன்பு வந்துகொண்டிருந்த பெண்ணும், அவளுக்கும் முன்பு வந்தவரும் கேட்டு எழுதிக்கொண்டு போன அதே கேள்விகள். அந்த அம்மா ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். கணவரின் கடைசி ராத்திரியை இன்னொரு முறை முழுதாகச் சொல்லி முடித்தார். பையன் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அன்று சாயங்காலம் நான் போனபோது வீட்டில் விளக்குகூடப் போடவில்லை. என்னிடம் அவர் கேட்டது இதுதான்: "முன்னாடி வந்துட்டு இருந்த பொண்ணு ஏன் வர்றதில்ல? நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?"

அந்தப் பெண்ணுக்கு வேலை மாறியிருக்கலாம், பரீட்சை வந்திருக்கலாம். காரணம் உங்களுக்குத் தெரியும். ஒரு போன் செய்து சொல்லியிருந்தால், இத்தனை நாளாக அவர் தன்மேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். உதவி செய்யப் போன இடத்தில் இப்படி ஒரு காயத்தை விட்டுவிட்டு வர யாருக்கும் உரிமை இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, தனிமையுணர்வு ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்களோடு தொடர்புடையது என்கிறது. பக்கவாதம், இதய நோய், மனச்சோர்வு, நினைவாற்றல் குறைவு என அது இழுத்துவரும் ஆபத்துகளையும் சொல்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தனிமை போக, வருகிறவர் பழகியவராக இருக்க வேண்டும். வாசலில் யாரோ வந்து நிற்பதால் மட்டும் அது போய்விடாது.

பழகிய ஆளுக்குத்தான் மாற்றம் கண்ணில் படும். போன மாதம் சுவரைப் பிடிக்காமல் நடந்தவர் இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார், மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறது, சொன்ன கதையையே திரும்பச் சொல்கிறார், உடுப்பு தொளதொளவென்று ஆகிவிட்டது. முதல்முறை வருகிறவர் கண்ணுக்கு இவையெல்லாம் வயதானவர் வீட்டில் சகஜம் என்றுதான் தோன்றும். இன்னொன்றும் இருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்று அதே நிறுவனம் சொல்கிறது. பிள்ளை பணத்தைப் பிடுங்கிக்கொள்கிறான் என்பதை ஒரு தாய், படிவத்தோடு வந்த புது முகத்திடம் சொல்வாரா? பல மாதம் பழகி, இது வெளியே போகாது என்று நம்பிய பிறகுதான் வாய் திறப்பார். நீங்கள் ஆளை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த நம்பிக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு அதற்கு இனி தெம்பு இல்லை.

முதியோர் தினமான அக்டோபர் 1 வந்தால் மட்டும் எல்லாருக்கும் முதியவர்கள் ஞாபகம் வருகிறது. அன்று கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை ஊருக்கே காட்டுகிறார்கள். அந்த நாளை ஐ.நா. 1990இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே முதியோருக்கான 18 கோட்பாடுகளையும் வெளியிட்டது. தங்கள் விருப்பத்துக்கும் திறமைக்கும் ஏற்ற வேலைகளில் முதியவர்களே தன்னார்வலர்களாகச் சேவை செய்ய வழி இருக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. பக்கத்து வீட்டு அம்மா வாழ்நாள் முழுக்கத் தையல் வேலை செய்தவர். உங்களால் என்ன சொல்லித்தர முடியும் என்று அவரிடம் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. என்ன நோய், என்ன குறை, யார் இல்லை என்பதற்குத்தான் இடம் விட்டிருக்கிறீர்கள்.

கோபத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

சில வாரங்கள் மட்டும் வர முடிந்தவர்களை வீட்டுச் சந்திப்புக்கு அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போக, விண்ணப்பம் நிரப்பித் தர, போனைச் சரிசெய்து கொடுக்க அவர்கள் பெரிய உதவியாக இருப்பார்கள். வீட்டுக்குப் போகிறவர் ஓராண்டாவது வருவேன் என்று ஒப்புக்கொண்டவராக இருக்கட்டும். அவருக்கும் துணை வேண்டும். இறப்பையும் நோயையும் கேட்டுக் கேட்டுக் கனத்துப் போகிறவர் சொல்லாமல் நின்றுவிடுவதில் ஆச்சரியம் இல்லை. எப்படி இருக்கிறாய் என்று அவரையும் யாராவது அடிக்கடி கேளுங்கள். விலகத்தான் வேண்டுமென்றால் பழைய ஆளும் புதிய ஆளும் ஒரு தடவை சேர்ந்து போகட்டும். ஒருமுறை சொன்ன துக்கத்தை அந்த முதியவர் மறுபடி சொல்ல வேண்டாம். அவர் சம்மதித்தால், எழுதி வைத்ததைப் புதியவர் படித்துவிட்டு வரட்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பும் குழு இதைப் படித்தால், அந்தப் பையனையே தொடர்ந்து அனுப்புங்கள். அதற்கு முன், முன்பு வந்த பெண் ஏன் வரவில்லை என்பதை இந்த வாரமே யாராவது போய் அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர்