நகையை இப்போதே வைக்காதே, நூரு

தங்கச்சிமடம்
ஞாயிறு இரவு

அன்புள்ள நூருக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மழை பிடித்துவிட்டதால் மல்லிகைப் பதியன்கள் நன்றாகத் துளிர்த்திருக்கின்றன. மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் இடது கிட்னி இப்போது அந்தோணி அண்ணனிடம் இருக்கிறது. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன அதே வாரம் மதுரையில் எடுத்தார்கள். நாலு மாதமாக உன் போனை எடுக்காததற்கு அதுதான் காரணம். சொல்லியிருந்தால் சென்னையிலிருந்து ஓடி வந்து தியேட்டர் வாசலில் உட்கார்ந்து அழுவாய். எனக்கு ஊசி போட்டதற்கே மயங்கி விழுந்தவள் நீ. அன்றைக்கு வார்டன் அம்மா யாருக்கு விசிறினார்கள், சொல் பார்ப்போம். ஆனாலும் மறைத்தது தப்பு. மன்னித்துக்கொள்.

போன வாரம் நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. உம்மாவின் கிட்னியில் மூன்றரை சென்டிமீட்டர் கட்டி, கிட்னியை எடுக்க வேண்டுமாம், ரோபோவில் செய்தால்தான் நல்லதாம், நகையை வைக்கப்போகிறோம் என்றாய். எனக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இதே பாட்டைத்தான் பாடினார்கள், நூரு. இன்னொரு டாக்டரைப் பார்த்திருக்காவிட்டால் அண்ணனின் படகை விற்றிருப்போம்.

சூசை சித்தப்பாவை நினைவிருக்கிறதா? சித்திக்குக் கிட்னி கொடுத்தவர். அந்தக் காலத்தில் விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் பெரிதாகத் திறந்து, சதையை அறுத்து, வழியில் நின்ற விலா எலும்பில் ஒரு துண்டையும் எடுத்துத்தான் உள்ளே போனார்கள். ஆறு மாதம் ஆகியும் அவரால் வலை இழுக்க முடியவில்லை. அந்தப் பக்கம் இன்றைக்கும் புடைத்துத்தான் இருக்கிறது. கிட்னி தானம் என்றாலே என் மனதில் வந்து நின்றது அந்தப் புடைப்புதான்.

மதுரை டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வயிற்றில் மூன்று நான்கு சின்னத் துளைகள் போட்டு, கரியமில வாயுவை நிரப்பி வயிற்றைக் கூடாரம் மாதிரி தூக்கி, கேமரா வழியாகப் பார்த்துச் செய்வது ஒரு வழி. இதைத்தான் லேப்ராஸ்கோப்பி என்கிறார்கள். 1990-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் கிளேமன் என்ற டாக்டர் 85 வயதுப் பாட்டி ஒருவருக்கு இப்படித்தான் முதன்முதலாகக் கிட்னியை எடுத்தாராம். ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆனது. கிட்னியை உள்ளேயே பையில் போட்டு நொறுக்கி, துளை வழியாக வெளியே கொண்டுவந்தார். தானத்தில் அப்படி நொறுக்க முடியுமா? முழுசாக, நோகாமல் வரவேண்டும். அதற்கு எங்கேயாவது ஒரு வெட்டு வேண்டும். அந்த வெட்டை ஆரம்பத்திலேயே போட்டு, டாக்டர் ஒரு கையையே உள்ளே விட்டுச் செய்வதும் உண்டு. திடீரென்று ரத்தம் கசிந்தால் உடனே விரலால் அழுத்திப் பிடிக்கலாம்.

இன்னொன்று முதுகுப் பக்கமாகப் போவது. குடல் இருக்கும் அறைக்குள்ளேயே நுழைவதில்லை. இதில் நம் நாட்டுக்காரருக்கும் பெரிய பங்கு இருக்கிறது. பம்பாயில் டாக்டர் கௌர், ரப்பர்க் குழாயின் நுனியில் அறுவைச் சிகிச்சைக் கையுறையைக் கட்டி, அதைப் பலூன் மாதிரி உள்ளே ஊதி இடம் உண்டாக்கிக் காட்டினார். 1992-ல் அதை எழுதி வெளியிட்டார். ஒரு கையுறை, ஒரு குழாய்! இதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. விலை கூடினால்தான் வைத்தியம் நல்லது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடது கிட்னியின் சிரை, அதாவது ரத்தம் வெளியே போகும் குழாய், நீளமானது, எடுத்து ஒட்டுவதற்கு வசதி. ஸ்கேனில் எனக்கு அந்தப் பக்கம் ரத்தம் உள்ளே வரும் குழாயான தமனியும் ஒன்றுதான் இருந்தது. அதனால் இடதையே எடுப்பது என்று முடிவானது. தமனியை எதை வைத்து அடைப்பீர்கள் என்று நானே கேட்டேன். பிளாஸ்டிக் பூட்டுக் கிளிப்பை லேப்ராஸ்கோப்பியில் கிட்னி கொடுப்பவரின் தமனிக்குப் போடக்கூடாது என்று அதைத் தயாரிப்பவர்களே 2006-லிருந்து எச்சரிக்கிறார்களாம். எங்கள் டாக்டர் ஸ்டேப்ளர்தான் போடுவேன் என்றார். கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. நீயும் கூச்சப்படாமல் கேள்.

அப்புறம் அவர் கேட்டார், "பிள்ளை பெற்ற தையல் குறுக்கே இருக்கிறதா?" இருக்கிறது என்றேன். அதே தையலைத் திறந்துதான் கிட்னியை வெளியே எடுத்தார்கள். செபாஸ்தியான் பிறந்த வழி, நூரு. அண்ணனுக்கும் அதே வழியில்தான் உயிர் கிடைத்தது. எனக்குப் புதிதாக மிஞ்சியது மூன்று சின்னப் பொட்டுகள். மறுநாளே நடந்தேன். வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. உள்ளே மிஞ்சிய வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் தோளில்தான் வலிக்குமாம். ஆறு வாரம் குடம் தூக்கவில்லை. ஜெராக்ஸ் அக்காதான் தண்ணீர் எடுத்துத் தந்தாள், நம்ப மாட்டாய்!

உம்மா விஷயம் என்னுடையதைப் போல இல்லை. முதலில் கேட்க வேண்டியது ரோபோவா இல்லையா என்பது இல்லை. முழுக் கிட்னியும் போகத்தான் வேண்டுமா என்பது. நாலு சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டியை, முடிந்தவரை, கட்டியை மட்டும் வெட்டி எடுத்துக் கிட்னியைக் காப்பாற்றவே பார்ப்பார்கள். உம்மாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. மிச்சக் கிட்னியின் ஒவ்வொரு துளியும் முக்கியம். அப்படிச் செய்வதானால் ரோபோ உண்மையிலேயே உதவும். ரத்தத்தைச் சில நிமிஷம் நிறுத்தி, கட்டியை வெட்டி, உடனே தைக்க வேண்டும். மணிக்கட்டு மாதிரி வளையும் அதன் கருவிகளுக்கு அது சுலபம். முழுசாக எடுப்பதென்றால் துளை போட்டுச் செய்வதும் ரோபோவும் பலனில் ஏறக்குறைய ஒன்றுதான், செலவுதான் கூட. அதற்காக லாத்தாவின் வளையலை வைக்காதே.

உம்மாவின் பழைய குடல் ஆபரேஷனைக் கட்டாயம் சொல். உள்ளே ஒட்டிப்போயிருந்தால் முதுகு வழி நல்லதாக இருக்கலாம். கட்டி முன்பக்கமா பின்பக்கமா என்றும் பார்க்க வேண்டும். இந்த ஆபரேஷனை அந்த டாக்டர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேள். பாதியில் திறந்து செய்ய வேண்டி வந்தால் அது தோல்வி என்று பயப்படாதே. உயிரைக் காக்கத்தான் திறப்பார்கள்.

அண்ணன் நன்றாக இருக்கிறார். கிட்னி கெட்டுப்போய் இரண்டு வருஷமாக அளந்து குடித்தவர் இப்போது செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். வீட்டுக்கு வந்த முதல் நாள் ராத்திரி அவர் பாத்ரூம் போன சத்தத்தைக் கேட்டு அண்ணி வாசலில் நின்று அழுதாள். நானும்தான்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, எங்கள் டாக்டரிடம் காட்டுகிறேன். வியாழக்கிழமை கீழக்கரை வந்து உம்மாவைப் பார்க்கிறேன். தொதல் கிண்ட வேண்டாம் என்று சொல்லிவை, அடுப்படியில் நிற்கிற நேரம் இல்லை இது. நான் வந்து பேசுகிறவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

உன்
ஜெசி