அப்சிடியனா, ஆலைக் கண்ணாடியா? பில்லில் எழுதித் தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண் திருஷ்டிக்கு என்று கறுப்பு அப்சிடியன் பிரேஸ்லெட்டுகள் நிறைய விற்கின்றன. அதே பெயரில் பளிச்சென்ற நீலம், இளஞ்சிவப்புக் கற்களும் வருகின்றன. அப்படித் தெளிந்த நிறக் கற்கள் பெரும்பாலும் ஆலையில் வார்த்த கண்ணாடிதான்.

அப்சிடியனும் கண்ணாடியே, ஆனால் எரிமலை வார்த்தது. சிலிக்கா 70 சதவீதத்துக்கு மேல் உள்ள கெட்டியான குழம்பு, படிகம் கட்ட நேரமில்லாமல் சட்டென்று ஆறினால் உண்டாவது. உடைத்தால் சிப்பியின் உட்புறம்போல வளைவு வளைவாகப் பெயரும். அந்த விளிம்பு சவர பிளேடைவிடக் கூர்மை. மெக்சிகோவின் அஸ்டெக் வீரர்கள் இந்தச் சில்லுகளைத்தான் மர வாளின் இருபுறமும் பதித்தார்கள். அவர்களுடைய தெஸ்காத்லிபோக்கா என்ற தெய்வத்தின் பெயருக்கு 'புகையும் கண்ணாடி' என்று பொருள். தேய்த்து மெருகேற்றிய கல்லில் முகம் பார்ப்பது மட்டுமல்ல, மறைந்திருப்பதையும் பார்க்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. (நம் மொழியில் இந்த மூலப்பொருளுக்கும் முகம் பார்க்கும் ஆடிக்கும் 'கண்ணாடி' என்ற ஒரே சொல் இருப்பது எவ்வளவு பொருத்தம்!) லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் ஜான் டீ வைத்திருந்ததாகச் சொல்லப்படும் அப்படியொரு கண்ணாடி, மெக்சிகோவின் பச்சூக்கா மலைக் கல் என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

வாங்கும்போது கல்லின் மெல்லிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு அப்சிடியன் ஓரத்தில் புகை நிறமாகவோ பழுப்பாகவோ ஒளி விடும். பிறகு பத்து மடங்கு லென்ஸ். குழம்பு ஓடிய திசையில் இழுபட்ட குமிழிகள் இயற்கைக் கல்லுக்கு அடையாளம். முத்து முத்தான உருண்டைக் குமிழிகள் இருந்தால் சந்தேகப்படுங்கள். கல்லில் தெரியும் வெள்ளைப் பூக்கள் பழுதல்ல, உள்ளே வளர்ந்த கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்கா படிகங்கள். பொன் மினுக்கு உள்ள கல்லை அதன் அடுக்குக்கு இணையாக அறுக்காவிட்டால் மினுக்கே தெரியாது. மங்கலான கல் போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

கீறலைத் தாங்கும் திறனைக் காட்டும் மோஸ் அளவுகோலில் அப்சிடியனின் கடினம் 5 முதல் 5.5 வரைதான். தெருப் புழுதியில் உள்ள குவார்ட்ஸ் 7. அதனால் மோதிரமாகப் போட்டால் சீக்கிரம் மங்கிவிடும், பதக்கமாகப் போடலாம். வெந்நீரும், ஒலி அதிர்வால் நகை கழுவும் மீயொலிக் கருவியும் விரிசலை உண்டாக்கும். சோப்பு கலந்த இளஞ்சூட்டு நீரும் மெல்லிய துணியும் போதும்.

பில்லில் 'இயற்கை எரிமலைக் கண்ணாடி' அல்லது 'செயற்கைக் கண்ணாடி' என்று கடைக்காரர்கள் எழுதித் தர வேண்டும். தயங்கினால் அங்கே வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
கல் பட்டை தீட்டும் தொழிலாளர்கள்,
திருச்சி.